மைசூர் தந்த மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளைக் கண்ணால் காண்பதற்கு முன்னரே, ஒலியைக் கொண்டு இன்ன வண்டி வருகிறது என்று கூறிவிடக்கூடியவர்கள் நம்மிடையே பலர் உளர். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்டு புல்லட், நிறுத்தி நிறுத்திப் பேசும் பெரியவரைப் போன்றது. ஜாவாவின் குரல் வேறு. வெண்கலக் குடத்தில் கூழாங்கற்களை இட்டு விரைந்து குலுக்கினால் எழும் ஒலிக்கு அதனை ஒப்பிடலாம். ஜூலை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையன்று, பொழுது புலர்வதற்கு முன்பே, பெங்களூரில் ஒரு தெருவில் அந்த ஒலி ஐந்து வண்டிகளிலிருந்து ஒருங்கே எழுந்தது. நாய்கள் குரைத்தன. ஒரு வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. முதியவர் ஒருவர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்களை ஏசாமல், கையை உயர்த்தி வழியனுப்பினார். அவரும் ஒரு காலத்தில் ஜாவா வைத்திருந்தவராகவே இருத்தல் வேண்டும்.

ஜாவா, யெஸ்டி வண்டிகளை வைத்திருப்போர் ஆண்டுதோறும் அந்த ஞாயிற்றுக்கிழமையன்று பல ஊர்களில் ஒன்றுகூடுவது வழக்கம். நாங்கள் புறப்பட்டது மைசூரில் நடைபெற்ற கூட்டத்திற்கு. அவ்வண்டிகள் பிறந்த ஊருக்கே அவற்றை ஓட்டிச் செல்வது பெண்ணைப் பிறந்தகத்திற்கு அழைத்துச் செல்வது போன்றது என்று எங்கள் குழுவிலே மூத்தவர் கூறுவார். அவர் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தம் தந்தையார் 1968ஆம் ஆண்டில் வாங்கிய ஜாவாவை இன்னும் தாமே ஓட்டி வருபவர். மற்றவர்களுள் ஒருவர் கல்லூரி ஆசிரியர். ஒருவர் சொந்தமாகப் பட்டறை நடத்துபவர். இளைஞர்களான பொறியாளர்கள் இருவர். இக்கட்டுரையாளரையும் சேர்த்து ஆறு பேர். வண்டி ஐந்தாகையால் எங்களுள் ஒருவர் பின் இருக்கையில் அமர்ந்து வந்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் புதிய விரைவுச் சாலை 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திறந்துவைக்கப்பட்டது. அதன் நடுப்பாதையில் இரு சக்கர வண்டிகள் செல்லலாகாது என்று அதே ஆண்டு ஆகஸ்டு முதல் தேதி தொட்டுத் தடை விதிக்கப்பட்டது. பலரும் குறைபட்டுக்கொண்ட இத்தடை எங்களுக்கு ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது. கார்கள் மேலே பறந்து செல்ல, நாங்கள் ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர் என்று ஊர் ஊராகப் பழைய வழியிலே சென்றோம். எங்கள் பழைய வண்டிகளுக்கு அதுவே ஏற்ற வழி. சன்னபட்டணத்தில் மரப்பொம்மைக் கடைகள் இன்னும் திறந்திருக்கவில்லை. மத்தூரில் வடை கிடைத்தது.

பழைய வண்டிகளைக் கூட்டி விழா எடுக்கும் வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் 1915ஆம் ஆண்டிற்கு முன் செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்கள் எப்சம் என்னும் இடத்திலிருந்து பிரைட்டன் கடற்கரைவரை செல்லும் ஓட்டம் 1930இல் தொடங்கியது. நம் நாட்டில், டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் 1964 முதல் பழைய கார்களின் ஊர்வலத்தை நடத்தலாயினர். ஆனால் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அந்த ஊர்வலங்களில் நாம் காணும் கார்களுட் பல அரண்மனைக் கொட்டகைகளில் இருந்தவை. அவற்றைப் பேண ஆட்கள் இருந்தனர். அவற்றின் வரலாற்றை எழுதி வைப்பாரும் இருந்தனர். ஜாவாவோ பள்ளி ஆசிரியர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, காப்பித் தோட்டத்து மேஸ்திரி, புதிதாக மணமுடித்த குமாஸ்தா ஆகியோரின் வண்டி. அதன் வரலாறு எழுத்தில் மிகக் குறைவாகவும் மனிதர்களின் கைகளில் மிகுதியாகவும் தங்கியிருக்கிறது. எத்தகைய கைகள் என்பதை அன்று பிற்பகலில் நாங்கள் கண்டோம். அதற்கு முன் அவ்வண்டியின் பிறப்பைச் சிறிது கூற வேண்டும்.

ஜாவா என்ற பெயரைக் கேட்டதும் கீழ்க்கடல் தீவு ஒன்று நினைவிற்கு வரலாம். அத்தீவிற்கும் இவ்வண்டிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. செக்கோஸ்லோவாகியா நாட்டில், பிராக் நகரில், ஃபிரான்டிஷெக் யானெச்செக் என்பவர் ஆயுதத் தளவாடங்கள் செய்யும் தொழிலை நடத்தி வந்தார். முதல் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளில் ஆயுதங்களுக்குத் தேவை குறைந்தது. தொழிற்சாலையையும் தொழிலாளரையும் வைத்துக்கொண்டு வேறென்ன செய்யலாம் என்று சிந்தித்த அவர், ஜெர்மானிய வாண்டரர் கம்பெனி கைவிட விரும்பிய 500 சி.சி. மோட்டார் சைக்கிளின் உரிமையை 1929இல் வாங்கினார். தம் பெயரின் முதல் எழுத்தையும் வாண்டரர் என்பதன் முதல் எழுத்தையும் இணைத்து வண்டிக்குப் பெயரிட்டார். செக் மொழியில் அதனை ‘யாவா’ என்றே ஒலிப்பர்; நாம் ஆங்கில எழுத்தைப் பார்த்து ஜாவா ஆக்கிக்கொண்டோம்.

முதல் வண்டி விலையுயர்ந்தது; எடையும் மிகுந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்து சேர்ந்த நேரத்தில் அதனை வாங்குவாரில்லை. யானெச்செக் தளரவில்லை. ஜார்ஜ் பாட்செட் என்ற ஆங்கிலப் பொறியாளரை அமர்த்தி, 1932இல் வில்லியர்ஸ் எஞ்சின் பொருத்திய 175 சி.சி. சிறு வண்டியைச் செய்வித்தார். எளியோர் வாங்கக்கூடிய விலையில் நம்பத்தக்க வண்டி என்ற கொள்கையே கம்பெனியைக் காப்பாற்றியது. பின்னாளில் மைசூரிலும் அதே கொள்கையே வேர் விட்டது.

1939இல் ஜெர்மானியப் படை செக் நாட்டை ஆட்கொண்டது. தொழிற்சாலை படையெடுத்தவர்களின் ஆணைக்கு உட்பட்டது. 1941இல் யானெச்செக் காலமானார். ஆனால் அவருடைய பொறியாளர்கள், ஆணையிட்டவர்களின் கண்ணில் படாமல், போருக்குப் பின் வரப்போகும் காலத்திற்காக ஒரு புதிய 250 சி.சி. வண்டியை வரைந்தும் செய்தும் சோதித்தும் வந்தனர். சோதனை ஓட்டத்தின்போது ஐயம் எழாதிருக்க ஜெர்மானிய வண்டி ஒன்றின் பெயர்ப்பலகையை அதன்மீது பொருத்தினர் என்பர். போர் முடிந்து, 1946இல் பாரிஸ் கண்காட்சியில் அவ்வண்டி வெளிப்பட்டபோது உலகம் வியந்தது. பின் சக்கரத்திற்கும் சுருள்வில் அமைந்திருந்தமையால் செக் மக்கள் அதனைப் ‘பேராக்’, அதாவது துள்ளுவோன், என்று அழைத்தனர். அதன் வழித்தோன்றலாக 1954இல் வந்த 353 என்னும் வகையே நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த ஜாவா.

பம்பாயில் ரஸ்தம் இரானி, ஃபரோக் இரானி ஆகியோர் 1950களில் இவ்வண்டிகளை இறக்குமதி செய்து விற்று வந்தனர். உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் நோக்கத்துடன் முழு வண்டிகளின் இறக்குமதியை அரசாங்கம் தடுத்தபோது, விற்பனையாளர்கள் உற்பத்தியாளர்களாக மாற வேண்டியதாயிற்று. இதே காலத்தில்தான், 1955இல், சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றியது. இரானி குடும்பத்தார் செக் கம்பெனியின் உரிமத்தைப் பெற்று ‘ஐடியல் ஜாவா’ என்ற பெயரில் தொழிற்சாலை அமைக்க மைசூரைத் தேர்ந்தெடுத்தனர்.

மைசூரை ஏன் என்று கேட்கலாம். அரண்மனையும் தசராவும் சந்தனமும் மட்டுமே மைசூர் என்று எண்ணுவோர் அந்நாட்டின் மற்றொரு முகத்தை அறியாதவர்கள். 1902இலேயே சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்திற்கு அனுப்பிய நாடு அது. திவான் விசுவேசுவரய்யா காலத்தில் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலையும் சோப்புத் தொழிற்சாலையும் எழுந்தன. மின்சாரமும் தொழிலில் பழகிய மக்களும் இருந்தனர். 1961இல் தொழிற்சாலையைத் திறந்து வைத்தவர் அப்பொழுது மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜயசாமராஜேந்திர உடையார். கர்நாடக இசையில் அவர் இயற்றிய கீர்த்தனைகளை நேயர்கள் கேட்டிருக்கக்கூடும். கீர்த்தனை இயற்றிய அரசர் மோட்டார் சைக்கிள் தொழிலையும் தொடங்கி வைத்தார் என்பது நமக்கு உவப்பான செய்தி.

தொழிற்சாலை அமைந்த யாதவகிரிப் பகுதியிலேதான் மைசூர் வானொலி நிலையமும் இருக்கிறது. மனோதத்துவப் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி 1935இல் தம் இல்லத்தில் ஒலிபரப்பைத் தொடங்கி, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் சூட்டிய ஊரும் மைசூரே. பின்னர் நாடு முழுவதற்குமான வானொலிக்கு அப்பெயர் ஆயிற்று.

தொடக்கத்தில் செக் நாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினர். பின்னர்ச் சிறிது சிறிதாகப் பாகங்களை இங்கேயே செய்யலாயினர். 1973இல் வண்டியின் பெயர் ‘யெஸ்டி’ என மாறியது. ஈரானில் அக்குடும்பத்தின் முன்னோர் வாழ்ந்த யஸ்து நகரின் நினைவாக எழுந்த பெயர் அது. மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியதும் அதே 1973ஆம் ஆண்டில்தான். பெயர் மாறிய வேளையில் தொட்டியில் யெஸ்டி என்றும் எஞ்சின் மூடியில் ஜாவா என்றும் பொறித்த சில வண்டிகள் வெளிவந்தன. ஆர்வலர்கள் இவற்றை ‘ஜெஸ்டி’ என்று செல்லமாக அழைக்கின்றனர், தேடி வாங்குகின்றனர். 1978இல் ‘ரோடுகிங்’ என்ற வகை வந்தது. அதன் அழகைப் பற்றி எங்கள் இளைஞர்களுக்கும் மூத்தவருக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை.

இனி வண்டியின் அமைப்பு. ஜாவா 250இன் எஞ்சினில் உருளை ஒன்றே. ஆயினும் அதிலிருந்து புகை வெளியேறப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு குழாய்கள் உண்டு. சங்கிலி முழுவதும் தகட்டு உறைக்குள் மறைந்திருப்பதால் வேட்டியும் சேலையும் அகப்படுவதில்லை, தூசியும் சேருவதில்லை. எல்லாவற்றினும் வியப்பு அதன் நெம்புகோல். வண்டியை உதைத்துக் கிளப்பும் கோலும் கியர் மாற்றும் கோலும் ஒன்றே. உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைகோல். எஞ்சின் கிளம்பியதும் முன்னே சாய்த்தால் கியர்கோல். மேலும், காலால் கியரை மாற்றும்போதே கிளட்ச் தானாக விடுபடும். கிளட்சுக் கம்பி அறுந்துவிட்டாலும் வீடு வந்து சேரலாம் என்பதனால் தொலைதூரம் செல்வோர் இதனை நம்பினர்.

எஞ்சின் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. இதில் பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவி முதலில் எஞ்சினின் அடிப்பகுதிக்குள் சென்று, பின்னரே உருளைக்குள் ஏறுகிறது. ஆகவே அடிப்பகுதியில் தனியே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்துவிட வேண்டும். பழைய ஜாவாவிற்கு இருபத்தைந்து பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது கணக்கு. முற்காலத்தில் பெட்ரோல் நிலையந்தோறும் எண்ணெய் அளந்து கலக்கும் கைப்பம்பு நின்றது. இப்பொழுது அதனைக் காண்பது அரிது. எண்ணெய்ப் புட்டியையும் அளவுக் கிண்ணத்தையும் பையிலே சுமந்து செல்வது எங்களைப் போன்றோரின் வழக்கம்.

மண்டியாவை நெருங்கும் வேளையில் எங்கள் இளைஞர் ஒருவரின் வண்டி திடீரென்று வலுவிழந்து, கிறீச்சென்ற ஓசையுடன் பின் சக்கரம் இறுகி நின்றது. நல்வேளையாக அவர் கிளட்சைப் பிடித்துச் சாலையோரம் ஒதுங்கிவிட்டார். பிஸ்டன் வெப்பத்தால் விரிந்து உருளைக்குள் இறுகிவிட்டது என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. எண்ணெய் எவ்வளவு கலந்தாய் என்று மூத்தவர் கேட்டார். தற்கால எண்ணெய் தரமானது, ஐம்பதுக்கு ஒன்று போதும் என்று எங்கோ படித்ததாக இளைஞர் கூறினார். மூத்தவர் மறுமொழி கூறாமல் மேம்பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, கோலை மெல்ல மெல்ல அழுத்தினோம். பிஸ்டன் விடுபட்டது. தொட்டியில் எண்ணெயையும் கூட்டினோம். குற்றம் இன்னது என்று தீர்ந்தது. அபராதமாக இளைஞர் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தருவதென்று முடிவாயிற்று. அத்தீர்ப்பு பாதியே சரி என்பதை அப்பொழுது நாங்கள் அறியோம்.

மைசூரை அடைந்தபோது கூட்டம் நிறைந்திருந்தது. கர்நாடகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கோவை, நீலகிரி பகுதிகளிலிருந்தும் வண்டிகள் வந்திருந்தன. புகையும் பேச்சும் கலந்து எழுந்தன. சிலர் தரையில் துணி விரித்துப் பழைய பாகங்களைப் பரப்பியிருந்தனர்: கார்புரேட்டர்கள், விளக்குக் கண்ணாடிகள், தொட்டி ஓரத்து ரப்பர் அட்டைகள், தேய்ந்த பற்சக்கரங்கள். ஒரு வேகமானிக்காக இருவர் வாதிட்டதைக் கண்டபோது கோயிற் கடைத்தெரு நினைவிற்கு வந்தது.

பரிசு பெறுவனவற்றுட் பெரும்பாலானவை புத்தம்புதிதாக மின்னும் வண்டிகளே. அத்தகைய மெருகில் எமக்குச் சிறிது வருத்தம் உண்டு என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அரை நூற்றாண்டு வெயிலில் மங்கிய சிவப்பைச் சுரண்டி எறிந்துவிட்டு, தொழிற்சாலையில் என்றுமே பூசப்படாத வண்ணத்தைப் பூசி, இதுவே அசல் என்று நிறுத்துவதால் வரலாறு தெளிவடைவதில்லை. கல்லூரி ஆசிரியர் இதனை ஒப்பவில்லை. துருப்பிடித்துச் சாவதைவிடப் புது வண்ணம் மேலன்றோ என்பது அவர் வாதம். அதனையும் முற்றும் தள்ளிவிட முடியவில்லை.

பிற்பகலில் புறப்படும் வேளை வந்தது. இளைஞரின் வண்டி கிளம்ப மறுத்தது. எங்கள் பட்டறைக்காரர் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைத் துடைத்தார், பயனில்லை. சுற்றிலும் கூடியவர்கள் ஆளுக்கொரு யோசனை கூறினர். அப்பொழுது வெள்ளைச் சட்டை அணிந்த முதியவர் ஒருவர் கூட்டத்தின் ஓரத்திலிருந்து, “உதையை நிறுத்துங்கள் ஸ்வாமி, கோல் திருப்பி அடிக்கிறது, பார்க்கவில்லையா?” என்று கன்னடத்தில் கேட்டார். அவரிடம் வண்டி ஏதும் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தார். எஞ்சின்களைப் பூட்டும் பகுதியில் பல ஆண்டுகள் வேலை செய்தவர் என்று அருகிலிருந்தவர் கூறினார்.

முதியவர் தரையில் அமர்ந்தார். எஞ்சினின் வலப்புற மூடியைக் கழற்றச் சொன்னார். தம் சட்டைப் பையிலிருந்து சக்கரக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்தார். அதில் அரத்தால் அறுத்த இரண்டு கோடுகள் இருந்தன. பிளக்கின் துளை வழியே கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை முதற் கோட்டால் கண்டார். பின்னர் எஞ்சினைச் சிறிது பின்னோக்கித் திருப்பி இரண்டாம் கோட்டில் நிறுத்தினார். தீப்பொறி எழ வேண்டிய இடம் அது. மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பாயிண்டுகளின் இடையே வைத்து இழுத்தார். காகிதம் தடையின்றி வந்துவிட்டது. பாயிண்டுகள் ஏற்கெனவே திறந்துவிட்டன; அதாவது தீப்பொறி உரிய நேரத்திற்கு மிகவும் முன்னதாகவே எழுகிறது என்பது பொருள்.

அளவை எங்கிருந்து எடுத்தாய் என்று இளைஞரைக் கேட்டார். அச்சிட்ட தாள் ஒன்றைப் பார்த்து வைத்ததாக இளைஞர் கூறினார். அந்தத் தாள் வேறு வகை எஞ்சினுக்குரியது என்று தெரிந்தது. தீப்பொறி முந்தினால், மேலே ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு எதிர்த்துத் தள்ளும், வெப்பம் பெருகும், பிஸ்டன் இறுகும். மண்டியாவில் நடந்ததற்கு எண்ணெய்க் குறைவு பாதிக் காரணம். மீதிப் பாதி இதுவே. திருகைத் தளர்த்தி, தகட்டை மயிரிழை நகர்த்தி, காகிதம் பிடித்து விடுபடும் இடம் வரும்வரை மும்முறை சோதித்தார். கண்ணாடியை அவர் அணியவே இல்லை. விரல் நுனியாலேயே பார்த்தார். நான்காம் நிமிடத்தில் மூடியைப் பூட்டச் சொன்னார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது.

அவர் வேலை செய்த தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. அதற்குரிய காரணங்கள் பல. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவுடன் 100 சி.சி. வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. ஓசூரிலிருந்து 1984இல் இண்ட்-சுசுகி வந்தது. 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்.எக்ஸ். 100உம் வந்தன. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில், ஹீரோ ஹோண்டாவின் நான்கு வீச்சு எஞ்சின் பெட்ரோலை மிகச் சிக்கனமாகச் செலவழித்தது. எண்ணெய் கலக்க வேண்டியதில்லை, புகையும் இல்லை. 1990களில் புகைக் கட்டுப்பாடு விதிகள் படிப்படியாக இறுகின. எண்ணெயை எரித்துப் புகையும் பழைய எஞ்சின் அவ்விதிகளுக்கு ஈடுகொடுப்பது அரிது. அதனைப் புதுப்பிக்கப் பெரும் முதல் வேண்டும். விற்பனையோ குறைந்துகொண்டே வந்தது. தொழிலாளர் தகராறுகளும் சேர்ந்துகொண்டன. புகைக் கட்டுப்பாடு நகரத்து மக்களின் உடல்நலத்திற்கு வேண்டியதே. எங்கள் வண்டிகளின்மேல் எவ்வளவு அன்பு இருப்பினும் இதனை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஜாவா என்ற பெயர் 2018இல் திரும்பி வந்தது. நான்கு வீச்சு எஞ்சினுடன் மத்தியப் பிரதேசத்துப் பிதம்பூரில் புதிய வண்டிகளைச் செய்யலாயினர். 2022இல் யெஸ்டி என்ற பெயரும் மீண்டது. தோற்றத்தில் பழைமை உண்டு. ஆனால் மைசூரில் கற்ற கைத்தொழிலுக்கு அவ்வண்டிகளில் வேலையில்லை. பழைய வண்டிகளுக்கு அரசாங்கம் 2021இல் தனி விதி வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டி எனப் பதிந்துகொள்ளலாம். புதிய பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிந்ததை அன்றாடம் சாலையில் ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்திற்கும் கொண்டு செல்லலாம். ஏற்கெனவே பதிவு பெற்றவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எங்கள் மூத்தவர் இன்றும் அதே ஜாவாவில் சந்தைக்குச் செல்பவர். தொன்மை வண்டி என்ற பட்டம் தமக்கு வேண்டாம், சந்தைக்குப் போனால் போதும் என்கிறார்.

இளைஞர் முதியவருக்குப் பணம் கொடுக்க முயன்று கடிந்துகொள்ளப்பட்டார். காப்பியை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். தொழிற்சாலை மூடியபின் ஒரு சிறு பட்டறையில் பம்பு செட்டுகளைப் பழுதுபார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்ததாகக் கூறினார். சொந்தமாக ஒரு ஜாவா வைத்திருந்தீர்களா என்று கேட்டோம். “இல்லை, சைக்கிளில்தான் வேலைக்குப் போனேன்” என்றார். ஒவ்வோர் ஆண்டும் இக்கூட்டத்திற்கு வருகிறாராம். பெரும்பாலும் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுவாராம். எந்த வண்டிக்கு எங்கே நோய் என்பது ஒலியிலேயே தெரிந்துவிடும், கேட்டால் சொல்வார், கேட்பார் குறைவு.

அக்கம்பியில் இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் என்னவென்று இளைஞர் அளவுகோலால் அளக்கத் தொடங்கினார். முதியவர் சிரித்து, அளவு ஒன்று போதாது, எந்த வகை எஞ்சினுக்கு எந்தக் கோடு, பாயிண்டு தேய்ந்திருந்தால் எவ்வளவு கூட்டுவது, குறைப்பது, அதையும் எழுதிக்கொள் என்றார். கல்லூரி ஆசிரியர் தம் குறிப்பேட்டை எடுத்தார். முதியவர் கன்னடத்தில் சொல்லச் சொல்ல, ஆசிரியர் தமிழில் எழுதினார். ஐயம் தோன்றிய இடங்களில் பட்டறைக்காரர் படம் வரைந்தார். ஏழு பக்கங்கள் நிரம்பின. கிளட்ச் தட்டுகளைப் பற்றித் தொடங்கியபோது அவருடைய பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிற்கே வருவதாகச் சொல்லி, முகவரியைக் குறித்துக்கொண்டோம். நஞ்சன்கூடு செல்லும் வழியில் இருக்கிறது அவர் ஊர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது தூறல் தொடங்கியது. குறிப்பேட்டை நெகிழித்தாளில் சுற்றி, மூத்தவர் தம் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். இளைஞரின் வண்டி எங்கும் நிற்கவில்லை.